எங்கள் வீட்டில் தினமும் மார்ச் ஒன்பது

மே 4, திங்கள்

இன்று காலையும் எங்கள் வீட்டில் மார்ச் ஒன்பதுதான். இவர் எழுந்து பல் தேய்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, மூலையில் இருக்கும் தேதியை மறுபடி ஏழு வருடத்துக்கு முந்தைய மார்ச் ஒன்பதுக்குத் தள்ளினார். தள்ளினால்தான் குரல் திறக்கும். இவருக்குக் குரல் கொடுக்கும் மென்பொருளைச் செய்த கம்பெனி மூடிப் போய் ஏழு வருடமாகிறது. அந்த வருடக் கடைசிக்கு மேல் தேதி காட்டினால் உரிமம் முடிந்துவிட்டது என்று சொல்லி அது அடைத்துக்கொள்ளும். ஒருமுறை தள்ளினால் ஒன்பது மாதம் தாங்கும். ஆனால் முதல் வருடமே தள்ள மறந்துபோய், டிசம்பர் தாண்டி, வகுப்பு நடுவில் நாற்பது பேர் முன்னால் குரலில்லாமல் நின்றார். அன்றிலிருந்து தினமும் தள்ளுகிறார். ஏன் மார்ச் ஒன்பது என்று கேட்டதற்கு, கை போய் நின்ற இடம் என்றார்.

தேதி மாறியதும் ஒரு சோதனை வாக்கியம். "டீ ஆச்சா?" இவர் குரல். இவருக்கு ஐம்பத்தெட்டு வயது, குரலுக்கு நாற்பத்தேழு. தொண்டையில் குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷனுக்கு முந்தைய ஒன்பது நாளில் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். அதை வெட்டி ஒட்டித்தான், இவர் தட்டச்சு செய்வதையெல்லாம் இந்த லேப்டாப் பேசுகிறது. பதினோரு வருடமாக இதே லேப்டாப். நாங்கள் அதைக் 'கிழவர்' என்போம். இன்டர்நெட்டில் சேர்த்ததே இல்லை.

இதையெல்லாம் எனக்கு நானே ஏன் விளக்குகிறேன்? சொல்ல வந்ததைத் தள்ளிப் போடத்தான். இவர் வடிவியல் நடத்தும் டியூஷன் சென்டரிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஜூன் 8 முதல் எல்லா வகுப்பும் புதிய வகுப்பு மென்பொருள் வழியாக, இரண்டு கிளைக்கும் ஒரே நேரத்தில். பழைய ஓ.எஸ். உள்ள கம்ப்யூட்டரில் அது திறக்காது. தேதி தப்பாக இருந்தாலும் திறக்காது. இவர் தாளைக் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். நான் அதன் மேல் மளிகைப் பட்டியலை ஒட்டினேன்.

மே 5, செவ்வாய்

கிழவர் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். இவருக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டது.

மே 9, சனி

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம் அக்கா" என்பார். அதனால் அவருக்கு வீட்டில் அதுவே பெயர். இன்று மட்டும் அதை உடனே சொல்லவில்லை. லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார்; டாக்டர்கள் முகத்தை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை வரிசையாக எழுதிவைக்கிறேன், பிறகு குழப்பிக்கொள்ளாமல் இருக்க. ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது, அதை மாற்றியே ஆக வேண்டும். மெமரியையும் கூட்டினால் இந்த மெஷினிலேயே புது ஓ.எஸ். ஏறும், கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் ஓடும். குரல் மென்பொருள் அதில் திறக்குமா? "கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்க்கா."

வகுப்புக்குப் புதிதாக ஒன்று, பேசுவதற்கு இது என்று இரண்டு லேப்டாப் வைத்துக்கொண்டால் என்ன என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வைத்துக்கொள்ளலாம், ஆனால் இது ஆறு மாதமும் ஓடும், வருகிற வியாழக்கிழமையே நிற்கவும் நிற்கும் என்றார். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, மகள் வரும்போதெல்லாம் தனி டிஸ்கில் எடுத்துவிடுவாள் என்றேன். அப்போதுதான் முகம் தெளிந்து, பார்த்துக்கலாம் என்றார்.

இவர் தட்டினார்: "அடுத்த சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வர்றேன்." என்னைப் பார்க்கவே இல்லை.

மே 12, செவ்வாய்

வேலையில் மனம் ஒட்டவில்லை. எங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தை மெஷினில் வைக்குமுன், அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒன்றை வைத்து ஓட்டுவோம். விடை சரியாக வந்தால்தான் அன்றைய வேலை. போன வருடம் அந்த மெஷினின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். காலைச் சோதனையை யாரோ இரண்டு நாள் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டார்கள். முப்பத்தொரு பேருக்கு இல்லாத ரத்தசோகை வந்தது. முப்பத்தொரு பேருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டவள் நான்.

புதுப்பித்தல் என்றால் எனக்கு அந்த முப்பத்தொரு போன்தான் ஞாபகம் வருகிறது. என்னைப் பயந்தாங்கொள்ளி என்பவர்கள் ஒரு நாள் வந்து அந்த போனைப் பிடித்துப் பார்க்கட்டும்.

மே 14, வியாழன்

சண்டை. எங்கள் சண்டையில் ஒரு வசதி உண்டு: நான் கத்திவிட்டு, இவர் தட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி கோபம் ஆறிவிடும். இன்று ஆறவில்லை.

இருக்கிற குரலைத் தொலைத்துவிட்டு யாரோ ஒருவர் குரலில் என்னோடு பேசப் போகிறீர்களா என்று கேட்டேன். நீளமாகத் தட்டினார். கிழவர் நடுவில் ஒருமுறை திக்கி, பிறகு சொன்னார்:

"உனக்கு இது என் குரல். எனக்கு இது பதினோரு வருஷமா ஒரே மாதிரி பேசற ஒரு ஆள். நான் கோவமா தட்டினாலும் டீ ஆச்சான்னு கேக்கற மாதிரியே சொல்லுது. இப்பகூட பாரு."

உண்மைதான். டீ கேட்பது போலத்தான் சொன்னது. அதற்கு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்போ எந்தக் குரலா இருந்தாலும் உங்களுக்குப் பரவாயில்லையா, நான் எத்தன வருஷமா இந்தக் குரலக் கேட்டுட்டு இருக்கேன், அதுக்கு ஒண்ணுமே இல்லையா?

"எனக்கு வகுப்பு வேணும்" என்று தட்டிவிட்டு மூடியைச் சாத்தினார். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போவது என்றால் அதுதான்.

வகுப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர். முதல் வகுப்புக்குப் போய் வந்த அன்று சட்டை முதுகெல்லாம் சாக்கட்டித் தூளோடு, சின்னப் பையன் போல இருந்தார். தெரியும். தெரிந்தும் இப்படி இருக்கிறேன்.

மே 15, வெள்ளி

ஆய்வகத்திலிருந்து பார்த்துக்கலாமுக்கு போன் செய்தேன். இவருக்குக் காய்ச்சல், நாளைக்கு வர முடியாது, எப்போது என்று நானே சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து இவரிடம், கடைக்காரர் வெளியூர் போயிருக்கிறாராம், மாதக் கடைசியில்தான் வருவாராம் என்றேன்.

இரண்டு பொய். ஒரே நாளில்.

மே 20, புதன்

'டிக்' சத்தம் இப்போது அடிக்கடி. இவருக்கும் கேட்கிறது.

இன்று மாலை சமையலறையில் இருந்தபோது கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். இவர் மட்டும் கூப்பிடும் பெயர். அதை இங்கேகூட எழுதமாட்டேன். அந்த ஆயிரத்து அறுநூறு வாக்கியத்தில் அந்தப் பெயர் எங்கே இருக்கும்? முதல் சில வருடம் கிழவர் அதை ஏதோ இருமல் மருந்தின் பெயர் போலச் சொல்வார். அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து, எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல் பட்டியலில் சரிசெய்ய இவருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்தது. நான் கரண்டியோடு ஓடி வந்தேன்.

அதே பட்டியலில்தான் மாணவர்கள் பெயரெல்லாம். எஃப் நாலு பொத்தானில் வைத்திருக்கும் இவருடைய பெயர்பெற்ற வாக்கியமும் இதே கிழவருக்குள்தான் இருக்கிறது: "பின் பெஞ்சு, எனக்குப் பேச்சுதான் வராது. காது நல்லாவே கேக்கும்." ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அதை அழுத்துவார். வகுப்பே இடிந்து சிரிக்குமாம்.

இன்று என் பெயரின் நடுவில் 'டிக்' வந்தது. பெயர் பாதியில் நின்று, பிறகு முடிந்தது.

மே 24, ஞாயிறு

மகள் போனில். வேறு ஊரில் வேலை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். எதற்கு இப்படி பயப்படுகிறாய், ஒவ்வொரு தடவையும் பேக்கப் எடுத்துவிட்டுத்தானே போகிறேன், அதுவும் மூன்று வினாடியில் முடிந்துவிடும் என்றாள். அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கும் அந்த டிஸ்கை எடுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இன்று கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

மே 25, திங்கள்

போய்விட்டது.

காலையில் இவர் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை. டிக், டிக், டிக். மறுபடி அழுத்தினார். நான் டீயோடு நின்றுகொண்டே இருந்தேன். "டீ ஆச்சா" என்று யாரும் கேட்கவில்லை.

இவர் எழுந்து போய், மளிகைப் பட்டியலைத் தள்ளி, அடியில் இருந்த சென்டர் தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார்: 'கடைக்குப் போவோம்.' கடைக்காரர் ஊரில் இல்லை என்று நான் சொன்ன பொய் அப்போதுதான் ஞாபகம் வந்தது. செருப்பைப் போட்டேன்.

கடையில் பார்த்துக்கலாம் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சல் தேவலையா சார்?"

இவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, தேவலை என்று தலையாட்டினார்.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. விழுங்கியிருக்கலாம்.

மே 27, புதன்

மகள் விடிகாலை பஸ்ஸில் வந்தாள். மூவரும் பேக்கப் டிஸ்கோடு கடைக்குப் போனோம். பார்த்துக்கலாம் அதைத் திறந்தார், உருட்டினார், இன்னும் உருட்டினார். பிறகு மகளிடம், கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார். ஏப்ரலில் என்றாள். இதில் கடைசியாக இருப்பது ஏழு வருடத்துக்கு முந்தைய நவம்பர் என்றார்.

அவர் மெதுவாக விளக்கியதை எழுதுகிறேன். அந்தப் பேக்கப், போன தடவைக்குப் பிறகு மாறியதை மட்டும்தான் நகல் எடுக்கும். அதற்கு அது பார்ப்பது தேதியை. முதல் முறை எடுத்தது நவம்பரில், தேதி சரியாக இருந்த காலத்தில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் மார்ச் ஒன்பதுதானே? மார்ச் நவம்பருக்கு முன்னால். புதிதாக ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் அது மூன்று வினாடியில் முடித்துக்கொண்டது. ஏழு வருடமாக நாங்கள் ஒன்றுமில்லாததைப் பத்திரமாகத் துணி சுற்றி வைத்திருக்கிறோம்.

மகள் கடையிலேயே அழுதுவிட்டாள். "நான்தாம்மா... மூணு செகண்டுல முடியுதேன்னு ஒரு தடவகூட யோசிக்கல." யாருதான் யோசிச்சோம். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாள் பார் என்று மெச்சியவள் நான்தான். தெரிந்த மாதிரியை வைத்துத் தினமும் மெஷினைச் சோதிக்கிறவள், இதை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய பதிவுகளும் அதில் செய்த குரலும் அந்த நவம்பர் நகலில் இருக்கின்றன. அந்த நவம்பருக்குப் பிறகு ஆரம்பித்த சொல் பட்டியலும் மற்ற ஏழு வருடமும் டிக் டிக் டிஸ்கில். முடிந்ததை எடுக்கிறேன், சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

மே 28, வியாழன்

இவர் சிலேட்டில் எழுதுகிறார். எழுதும் சத்தம் மட்டும். வீட்டில் மூன்று பேர் இருந்தும் வெறிச்சென்று இருக்கிறது.

மே 30, சனி

படங்கள், பாடக் குறிப்புகள் வந்துவிட்டன. சொல் பட்டியல் வரவில்லை. அது இருந்த இடம்தான் டிஸ்கில் தேய்ந்துபோன இடமாம்.

"ரெண்டு வாரம் முன்னாடி கெடச்சிருந்தா எடுத்திருப்பேன்க்கா" என்றார் பார்த்துக்கலாம். பாவம், அவர் குற்றம் சொல்லவில்லை. தன் வேலையைப் பற்றிச் சொன்னார். நான் கடையின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எதைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னேனோ அதை அந்தப் பொய்தான் தின்றது.

பிறகு அவர் இரண்டு வழி சொன்னார். புது டிஸ்கில் பழைய ஓ.எஸ்.ஸையே போட்டுத் தேதியைத் தள்ளிவைத்தால் இவர் குரல் திரும்ப வரும்; சொல் பட்டியலை முதலிலிருந்து செய்ய வேண்டும், வகுப்பு கிடையாது. புது ஓ.எஸ். போட்டால் வகுப்பு உண்டு. குரல் மென்பொருளை வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டார். தேதியைத் தள்ளியும் அதில் திறக்கவில்லை. புது ஓ.எஸ்.ஸோடு வரும் குரல் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ரிப்பேர்ச் செலவுக்கு மேல் இரண்டாவது லேப்டாப் வாங்க எங்களிடம் பணம் இல்லை. இன்றைக்கே சொன்னால் திங்கள் வேலையை ஆரம்பிக்கலாம்.

இவர் சிலேட்டை எடுத்தார். வெகுநேரம் எழுதினார், அழித்தார், எழுதினார். என் பக்கம் திருப்பினார்.

'நீ சொன்னா பழசையே போடச் சொல்றேன். வகுப்பை விட்டுடறேன். கோவத்துல சொல்லல.'

கோபத்தில் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுப் பழசு என்று சொல்லியிருப்பேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கண்முன்னால் வந்தது. அதில் மறுபடி இவரை உட்காரவைத்து, பக்கத்தில் இவர் குரலைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

"புதுசே போடுங்க" என்றேன். பார்த்துக்கலாமுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை இன்னும் கஷ்டம்.

ஜூன் 1, திங்கள்

மகள் ஊருக்குப் போனதும் இவரிடம் சொன்னேன். காய்ச்சல், வெளியூர், எல்லாம். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

இவர் போனை எடுத்துக் காட்டினார். பார்த்துக்கலாம் அனுப்பிய செய்தி: 'உடம்ப பாத்துக்குங்க சார், அப்புறமா பண்ணிக்கலாம்.' தேதி மே 16. மறுநாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒன்பது நாள் கிழவர் டிக் டிக் என்பதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

தெரிஞ்சும் ஏன் நீங்களே கொண்டு போகல, ஏன் என்ன ஒரு வார்த்தை கேக்கல?

சிலேட்டில் மூன்றே சொல் எழுதினார்.

'எனக்கும் பயமா இருந்துச்சு.'

ஜூன் 4, வியாழன்

கிழவர் வீடு திரும்பினார். பொத்தானை அழுத்தினால் எழுந்து வர நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் ஆகிறது. முன்பு எனக்கு ஒரு பானைச் சோறு வெந்துவிடும்.

குரல் தேர்ந்தெடுத்தோம். நாலு ஆண் குரல். ஒருவர் விமானத்தில் பெல்ட் போடச் சொல்கிறவர். ஒருவர் வங்கியில் காத்திருக்கச் சொல்கிறவர். மூன்றாமவருக்கு எப்போதும் சந்தோஷம். சாவுச் செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்வார் போலிருந்தது. இவர் நாலாமவரை எடுத்தார். கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான் சொல்லமுடியும்.

பார்த்துக்கலாம் பழைய பதிவுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறும். எந்த மென்பொருளும் தேவையில்லை, எதிலும் ஓடும். இவர் அதை என் உள்ளங்கையில் வைத்து, நாலாமவரிடம் தட்டினார்: "அது உனக்கு. இது எனக்கு." மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 6, சனி

மூன்று வாக்கியம் கேட்டேன். 'வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்.' 'பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வரும்.' மூன்றாவதில் நடுவில் இருமி, "ஒரு நிமிஷம்" என்கிறார். அது படிக்கக் கொடுத்த வாக்கியம் இல்லை. அவராகச் சொன்னது. இருமலோடு, அலுப்போடு. கிழவரால் ஒருநாளும் இப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

ஜூன் 8, திங்கள்

வகுப்பு முடிந்து வந்தார். எஃப் நாலை அழுத்தினீர்களா என்று கேட்டேன். அழுத்தினாராம். சிரித்தார்களாம். இரண்டு கிளையிலும், வழக்கமான அதே இடத்தில். கரகரப்புக்காரர் சொன்னதற்குத்தான் சிரித்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. சொன்னேன். இவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

ஜூன் 11, வியாழன்

காலையில் சமையலறையில் இருந்தேன். கூடத்திலிருந்து ஏதோ இருமல் மருந்தை யாரோ கேட்டார்கள். இரண்டாவது முறை கேட்டபோதுதான் அது என் பெயர் என்று புரிந்தது.

போகவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த இடத்துல இழுக்கக் கூடாது, இங்க உடைக்கணும், இல்ல இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னாடி என்றேன். இவர் தட்ட, அது சொல்ல, நான் தலையாட்ட. ஆறாவது முறை ஓரளவு வந்தது. இந்த வேகத்தில் போனால் நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகாது.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது, வருடக்கணக்கான பழக்கத்தில் திரை மூலையைப் பார்த்தேன். ஜூன் பதினொன்று என்றிருந்தது.